கழுதைக்காரனின் இசைத்தாள்

எழுபதுகளில் மெல்பேர்ன் நகரின் புறத்தே கிளேட்டனில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. பழைய இசைத்தாள்கள் சேர்ப்பேன். அதிலும் பத்திரிகைச் சித்திரத் தொடர்களில் வந்த கோமாளிகளைப் பற்றிய பாட்டுகள் மட்டும். ஒரு காலத்தில் வீட்டில் பியானோ வைத்திருந்தவர்கள் வாங்கி வாசித்தவை. எனக்குப் பியானோவும் தெரியாது, சுரமும் தெரியாது. அட்டைப் படங்களுக்காகவே அலைந்தேன்.

விடுதியில் பக்கத்து அறைக்காரரும் யாழ்ப்பாணத்தவர். என்னைப் பார்த்துத்தான் அவரும் சேர்க்கத் தொடங்கினார். ஆனால் அவருக்குப் பியானோ வாசிக்க வரும். நான் பெட்டியில் பூட்டி வைப்பதைப் போன்ற தாள்களை அவர் விடுதி மண்டபத்தில் வாசிப்பார். எல்லாரும் அவரைச் சுற்றி நிற்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குடைபிடித்துக் கழுதைமேல் போகும் ஒரு குண்டு மனிதனின் தாளை மூன்று வருடமாகத் தேடினேன். சனிக்கிழமைதோறும் மெல்பேர்ன் பழைய சாமான் கடைகளில் தூசி தின்றதுதான் மிச்சம். ஒரு சனிக்கிழமை காய்ச்சலென்று நான் போகவில்லை. அவர் போனார். அகப்பட்டது அவருக்கு!

அட்டை குறுக்கே கிழிந்திருந்தது. தூக்கிக்கொண்டு நேரே என் அறைக்கு வந்தார்.

“அண்ணை, இதை என்னத்தாலை ஒட்டலாம்? உங்களுக்குத்தானே தெரியும்.”

தெரியும். குசினியில் கோதுமைமாப் பசை காய்ச்சி, பின்னால் மெல்லிய தாள் வைத்து ஒட்டவேண்டும். என்னுடையவற்றை அப்படித்தான் ஒட்டியிருந்தேன். செலோடேப் பட்டால் சில வருடங்களில் தாள் பழுத்துக் கறையாகிவிடும் என்பதும் தெரியும்.

“செலோடேப்பே காணும், வேறை ஒண்டும் தேவையில்லை,” என்றேன். “ரெண்டு பக்கமும் வடிவா ஒட்டுங்கோ.”

காய்ச்சல் வாய்க்கும் அன்று சோறு ருசித்தது.

அடுத்த மாதம் அவருக்குச் சிட்னியில் வேலை கிடைத்தது. அதற்கும் வயிறெரிந்தேன். புறப்படும் நாள் என் அறைக்கு வந்து ஒரு பெரிய கடித உறையை நீட்டினார். உள்ளே கழுதைக்காரன்.

“உங்களுக்கெண்டுதான் வாங்கினனான் அண்ணை. கிழிஞ்சபடி தர மனம் வரேல்லை. நீங்கள் சொன்னமாதிரியே ரெண்டு பக்கமும் ஒட்டினனான்.”

வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். இத்தனை வருடம் கழித்து, கழுதையின் கழுத்துக்குக் குறுக்கே தடித்த பழுப்புக் கறை. என் பெட்டியில் கெட்டுப்போன தாள் அது ஒன்றுதான்.