ஐந்து வயது நிரம்பிய அன்று

குழந்தை ஐந்து வயது வரை தாயிடம் இருக்கலாம், ஐந்து நிரம்பியதும் தகப்பனிடம் ஒப்படைத்துவிட வேண்டும், அதுதான் சட்டம் என்று எங்கள் வீட்டில் நம்பினோம். முதலில் யார் சொன்னது என்று யோசித்தால் ஒரு முகமும் தெளிவாக வரவில்லை. அப்பாவின் அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கலாம். அம்மா பால் பூத்தில் கேட்டு வந்திருக்கலாம். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் எந்தக் கதவைத் தட்டியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அதனால் ஒரு வக்கீலிடம் போய்க் கேட்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. தெரிந்த ஒன்றை எதற்காகக் கேட்பது?

நான் பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். கணவருக்கு மறைமலை நகரில் தொழிற்சாலை வேலை. எங்களுக்குள் பெரிய சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. இளம் வயதில் கணவனை இழந்து தம்பியோடு வந்துவிட்ட அவருடைய அக்காதான் அந்த வீட்டை நடத்தினார். உப்பு ஜாடி எங்கே இருக்க வேண்டும் என்பதிலிருந்து என் மகளுக்கு எப்போது பசிக்கும் என்பது வரை அவரே தீர்மானித்தார். என் கணவர் அக்காவை ஒருநாளும் மறுத்ததில்லை. குழந்தைக்கு ஒரு வயதானபோது நான் பிறந்த வீட்டுக்கு வந்தேன். அழைத்துப் போக அவர் வரவில்லை, நானாகவும் போகவில்லை. மாதம் ஒருமுறை வந்து, வாசல் அறையில் உட்கார்ந்து, குழந்தையைப் பார்த்துவிட்டுப் போவார்.

அவளுடைய ஐந்தாவது பிறந்தநாள் எண்பதுகளின் நடுவில் ஒரு வெயில் காலத்தில் வந்தது. அதற்கு முந்தைய ஓராண்டை அந்த நாளை எதிர்பார்த்தே கழித்தோம். அவள் கேட்டது எதையும் அந்த வருடம் நாங்கள் மறுக்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு பாவாடை தைத்தோம். தன்னிடம் எல்லோரும் ஏன் இவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் என்று அவள் ஆச்சரியப்படவில்லை. அது அவளுக்கு இயல்பாகவே பட்டது.

பிறந்தநாளன்று மாலை கணவர் ஒரு கேக் பெட்டியோடும் பொம்மையோடும் வந்தார். அப்பா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, குழந்தையின் துணிகளை அடுக்கிய சூட்கேஸை அவர் எதிரில் கொண்டுவந்து வைத்தார்.

"எதுக்கு மாமா பெட்டி?"

"அஞ்சு முடிஞ்சுடுச்சே மாப்பிள்ளை. நீங்க வந்து கேக்கற வரைக்கும் வெச்சிக்கிட்டிருந்தா எங்களுக்கு மரியாதை இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். நான் குழந்தையின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். கேக் கொடுக்க மட்டுமே அவர் வந்திருக்கிறார் என்பது அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவரும் எங்களைப் போலவே நம்பியிருக்க வேண்டும். அல்லது நாங்கள் நம்புவதைப் பார்த்து அந்த நிமிடத்தில் நம்பியிருக்க வேண்டும்.

"இன்னிக்கேவா? அக்காகிட்ட ஒண்ணும் சொல்லலையே," என்றார்.

"ராகு காலம் முடிஞ்சுடுச்சு," என்றாள் அம்மா. "நல்ல நேரம்தான். கெளம்புங்க."

சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து நடந்த நிறைவு அப்பாவின் முகத்தில் இருந்தது. அவர் அழவில்லை. தெருமுனை வரை சூட்கேஸைத் தாமே தூக்கிக்கொண்டு போனார்.

அதன் பின் சனிக்கிழமை தோறும் நான் மறைமலை நகருக்குப் போய்வந்தேன். முதல் வருடம் அவருடைய அக்கா, என் அண்ணி, என்னை உள்ளே விட்டார். பிறகு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசத் தொடங்கினார்.

"வாரா வாரம் வந்து அழ வெச்சிட்டுப் போயிடற. ரெண்டு நாளைக்கு அவ சோறு திங்க மாட்டேங்கறா. யாரு பாக்கறது?"

"பத்து நிமிஷம் அண்ணி. இங்கயே நின்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"நீதானே பெட்டி கட்டிக் குடுத்த? குடுத்துட்டு எதுக்குப் பின்னாலயே வர்ற?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கேட் திறக்காத சனிக்கிழமைகள் அதிகமாயின. கடைசியில் அப்பாவும் நானும் செங்கல்பட்டுக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தோம். குழந்தையை எங்களோடு வைத்துக்கொள்ள அல்ல. வாரம் ஒருமுறை பார்க்க அனுமதி கேட்கத்தான் போனோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"அஞ்சு வயசானா குடுத்துடணும்னு யாரும்மா சொன்னது?"

"சட்டம் சார்," என்றார் அப்பா.

"அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தை பொதுவா தாய்கிட்டதான் இருக்கணும்னு சட்டம் சொல்லுது. அதுக்கப்புறம் தகப்பன்கிட்ட தூக்கிக் குடுத்துடுன்னு எங்கயும் சொல்லலை. குழந்தைக்கு எது நல்லதுன்னு கோர்ட்டு பாக்கும். பொம்பளப் புள்ளை, அம்மா டீச்சர், கூடவே தாத்தா பாட்டி. உங்க கையில இருக்கும்போது அவர் கேஸ் போட்டிருந்தா, அவர்தான் சிரமப்பட்டிருப்பார்."

"தப்பா எதுவும் பண்ணிடக் கூடாதுன்னுதான் சார்..." என்றார் அப்பா.

குழந்தையையே கேட்டு மனுப் போட்டோம். தாய் தாமாகவே, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, குழந்தையை ஒப்படைத்தார் என்று எதிர்த்தரப்பு பதில் சொன்னது. 'இதுல நாம மறுக்க என்ன இருக்கு?' என்று வக்கீல் என்னையே கேட்டார். வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு நீண்டது. ஒவ்வொரு வாய்தாவும் அவள் அந்த வீட்டில் இன்னும் ஆழமாக வேரூன்றத் தந்த அவகாசம் என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். இறுதியில் நீதிபதி அவளைத் தமது அறைக்கு அழைத்து யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்டார். "அத்தைகிட்ட," என்றாளாம். தன் அப்பாவிடம் என்றுகூடச் சொல்லவில்லை.

தீர்ப்பு கனிவான மொழியில் இருந்தது. பழகிய இடத்திலிருந்து குழந்தையைப் பெயர்த்தெடுப்பது அதன் நலனுக்கு உகந்ததல்ல. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காலை முதல் மாலை ஐந்து மணி வரை தாய் அழைத்துச் செல்லலாம். இரு வீட்டாரும் மோதிக்கொள்ளாதபடி, தாம்பரம் ரயில் நிலையத்து டிக்கெட் கவுண்டர் அருகே குழந்தையைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்படியே பல வருடங்கள் செய்தோம். கணவர் அவளைக் கொண்டுவந்து விடுவார். அவளும் நானும் மின்சார ரயிலில் சானடோரியம் தாண்டிக் குரோம்பேட்டையில் இறங்கி வீட்டுக்கு நடப்போம். அத்தை கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டிலை அவள் கழுத்திலிருந்து கழற்றுவதே இல்லை. எங்கள் வீட்டில் விருந்தாளியைப் போல் நாற்காலி நுனியில் உட்காருவாள். அம்மா ஊட்ட வந்தால், "நானே சாப்பிட்டுக்கறேங்க," என்பாள். அந்த 'ங்க'வைக் கேட்டு அம்மா சமையலறைக்குள் போய்விடுவாள்.

நான்கு மணியானால் கடிகாரத்தைப் பார்ப்பாள். "சீக்கிரம் போயிடலாமா? சாயந்திரம் டிவியில படம் போடுவாங்க." அப்பா அடுத்த மாதமே ஒரு டிவி வாங்கிவந்து, அவள் வரும் நாளுக்காகத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். அவள் திரையைப் பார்த்துவிட்டு அன்பாகவே சொன்னாள்: "எங்க வீட்டுல கலரு, தாத்தா."

"கறுப்பு வெள்ளைதான் கண்ணுக்கு நல்லது," என்றார் அப்பா. அவள் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டது அபூர்வம் என்பதால் அது நினைவில் நிற்கிறது.

எட்டாம் வகுப்பில் டியூஷன், உடம்பு சரியில்லை, அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஞாயிறுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு மழைக்கால ஞாயிறன்று தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கணவர் மட்டும் வந்தார். நரைத்திருந்தார்.

"வர மாட்டேங்கறா. நான் திட்டிக்கூடப் பாத்தேன்."

"என்ன சொல்றா?"

"அவங்க வீட்டுல போய் நான் என்ன பண்றதுன்னு கேக்கறா." பிறகு, "நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு," என்றார். கேலியில்லாமல்தான் கேட்டார். அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். எங்களை வருடக்கணக்காகப் பார்த்து வந்த பூக்காரம்மா, "இன்னா டீச்சரம்மா, பாப்பா வர்லியா? மய வர்றாப்பல கீது, வூட்டாண்ட போய்ச் சேரு," என்றாள்.

தீர்ப்பை நிறைவேற்றக் கோரி மறுபடியும் மனுப் போடலாம் என்றார் வக்கீல். "போட்டா கோர்ட்டு அமீனா போவார், போலீஸ் போகும். பொண்ணைக் கையப் புடிச்சு இழுத்துட்டு வரணும். செய்யட்டுமாம்மா?"

வேண்டாம் என்றேன். அதை நான் யோசித்துச் சொன்னேன். இன்றும் அதில் மாற்றமில்லை. பின்பு சில மாதங்கள் அந்த ஞாயிறுகளில் தாம்பரம் போய் ஐந்து மணி வரை உட்கார்ந்துவிட்டு வந்தேன். எதிர்பார்ப்பினால் அல்ல, வேறெங்கு போவது என்று தெரியாததால். பள்ளியில் பரீட்சைத் தாள்கள் குவிந்த ஒரு வாரம் போகவில்லை. அதற்கப்புறம் நின்றுபோயிற்று.

அப்பா தம் கடைசி வருடங்களில் சாப்பிடும்போது திடீரென்று, "அன்னிக்கு மாப்பிள்ளை வந்தப்போ..." என்று ஆரம்பிப்பார். அம்மா ரசம் ஊற்றுவாள். அவர் தொடர மாட்டார். தொண்ணூறுகளின் இறுதியில் அவர் இறந்தபோது மறைமலை நகருக்குச் சொல்லி அனுப்பினோம். கணவர் வந்து மாலை போட்டுவிட்டுப் போனார். மகளுக்குக் கல்லூரியில் தேர்வு என்றார். அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. இனி எந்த நீதிமன்றமும் அவளை யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

அஸ்தினாபுரத்து வீட்டில் இப்போது அம்மாவும் நானும் இருக்கிறோம்.