விட்டுட்ட டிரஸ்டிங்களும் முகத்துவாரக்குப்பம் கஜேந்திரனும்

குமாஸ்தா வேலையில கேஸு ஜெயிச்சா மாலை வக்கீலுக்கு, தோத்தா வசவு குமாஸ்தாவுக்கு. அதுலயும் பொம்பளை குமாஸ்தான்னா வாய்தா போட்டாலே வசவுதான். கோர்ட்டு வராந்தாவுல கால் வீங்க நின்னவங்க யாராவது இதைப் படிச்சா, மேல சொல்லாமலே புரிஞ்சிக்குவீங்க. காலடிப்பேட்டையிலேர்ந்து தினம் பஸ்ஸு புடிச்சு யானைக்கவுனியில ஒரு வக்கீல் ஆபீஸுக்குப் போறவ நான். வர்ற கேஸ்ல பாதி பேஜாரு. அதுல இது ஒண்ணு, சோறே இறங்காம பண்ண கேஸு.

செத்தவன் மட்டும் மிச்சம்

நர்சிங் காலேஜு நடத்தறோம்னு ஒரு டிரஸ்ட். புருசன், பொண்டாட்டி, மச்சான், மூணு பேரும் டிரஸ்டிங்க. சீட்டு தர்றோம்னு ஊர்பட்ட பேர்கிட்ட டொனேஷன் வாங்கினாங்க. அப்புறம் பார்த்தா, காலேஜுக்கு அனுமதியே கிடையாது. முகத்துவாரக்குப்பத்து கஜேந்திரன் அண்ணன், கடல்ல மீன் புடிக்கிறவரு, தன் பொண்ணு சீட்டுக்காகப் பைபர் போட்டையே வித்துக் குடுத்த ஆளு. போலீஸு டிரஸ்டிங்க மேலயும் மேனேஜர் மேலயும் கேஸு போட்டுச்சு. கீழ்க்கோர்ட்டு டிரஸ்டிங்க மூணு பேரையும், இவங்க மேல ஒண்ணும் இல்லன்னு விசாரணைக்கு முன்னாடியே விடுவிச்சிடுச்சு. மிச்சம் இருந்தது மேனேஜர் ஒருத்தன். அவனும் மாரடைப்புல போய்ச் சேர்ந்துட்டான். டிரஸ்டிங்களைத் திரும்ப உள்ள இழுக்கலேன்னா கேஸே அவ்ளோதான்.

அண்ணன் கொண்டாந்த பேப்பரை எங்க வக்கீல் சார் படிச்சிட்டு தலையில கை வெச்சிகினாரு. போலீஸ்ல அண்ணன் குடுத்த வாக்குமூலத்துல மேனேஜர் பேரு மட்டும்தான் இருந்துச்சு. "டிரஸ்டி ரூமுக்கே போய்ப் பேசினேன்னு எங்கிட்ட சொல்றீங்க, அங்க ஏன்யா சொல்லல?"ன்னு கேட்டாரு. அண்ணன் நிதானமா சொன்னாரு: "நாளைக்கு எம் பொண்ணு அவங்க காலேஜ்லதான சார் படிக்கணும்? பெரியவங்க பேரை இழுத்து வுட்டுட்டு, அப்பால எந்த மூஞ்ச வெச்சிகினு அதைக் கூட்டிகினு போறது?"

ஊருக்கே பாரம் நிரப்புறவ

மேல்கோர்ட்டுல சீராய்வு மனு போட்டோம். ஆனா புடிச்சிக்க ஒரு கொம்பு வேணுமே. வியாசர்பாடி குடியிருப்புல தேன்மொழின்னு ஒரு பொம்பளை, தையல் கம்பெனி சூப்பர்வைசரு, அவளும் ஏமாந்தவ. அவ மட்டும்தான் போலீஸ்ல உள்ளதைச் சொல்லியிருந்தா. டிரஸ்டியோட பொண்டாட்டியே அவ பொண்ணு நெத்தியில குங்குமம் வெச்சு, "இனிமே இவ எங்க வீட்டுப் பொண்ணு, சீட்டு உறுதி"ன்னு சொன்னாளாம். கீழ்க்கோர்ட்டு அதைக் கண்டுக்கவே இல்ல.

இவ நாளைக்குப் பின்வாங்கிடுவாளான்னு பார்த்துட்டு வாம்மான்னு சார் அனுப்பினாரு. மாடி ஏறிப் போனா, கதவைச் சாத்திட்டுதான் பேசவே ஆரம்பிச்சா. புருசனைத் தவிர யாருக்கும் விசயம் தெரியாதாம். பயந்துகினுதான் இருந்தா, ஆனா பேச்சு மாறல, மகராசி. கெளம்பும்போது கையைப் புடிச்சிகினா: "கூண்டுல ஏறிக்கூட சொல்றேங்கா, சம்மனை மட்டும் வூட்டுக்கு அனுப்பாதீங்க. இந்த ப்ளாக்ல எல்லாருக்கும் காலேஜ் அப்ளிகேஷன் பாரம் நிரப்பிக் குடுக்கறவளே நான்தான்."

பெஞ்சை விட்டு எழுந்தாரு

விசாரணை அன்னிக்கு வராந்தா பெஞ்சுல நானும் கஜேந்திரன் அண்ணனும் உக்காந்திருந்தோம். டிரஸ்டியும் பொண்டாட்டியும் வர்றாங்க, பட்டும் பளபளப்புமா. நம்மாளு என்ன பண்ணாருங்கறீங்க? சடார்னு எழுந்து, தோள்துண்டைக் கையில எடுத்துகினு, "வணக்கம்யா, உக்காருங்க"ன்னு இடம் விட்டாரு! அந்த மனுசனும் கூச்சநாச்சமில்லாம உக்காந்துகினு, "என்ன கஜேந்திரா, மீன் கிடைக்குதா?"ன்னு கேக்கறான். போட்டை வித்தவனைப் பார்த்துக் கேக்கற கேள்வியா அது? எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு.

அண்ணனைத் தூணுக்குப் பின்னால இழுத்துகினு போய், "உனக்கு ரோசமே கிடையாதாண்ணே?"ன்னு கத்திட்டேன். அவரு தலையைக் குனிஞ்சிகினு துண்டை மடிச்சிகினு இருந்தாரு. அதுக்குள்ள அந்தம்மா அவங்க வக்கீல்கிட்ட, எங்க காதுல விழற மாதிரியே சொன்னாங்க: "பார்த்தீங்களா, அவருக்கு எங்க மேல ஒரு வருத்தமும் இல்லை. நடுவுல இருக்கிறவங்கதான் தூண்டி விடுறாங்க."

ஜெயிச்ச அன்னிக்கு

எங்க சார் அன்னிக்கு நல்லா வாதாடினாரு, பொய் சொல்லக் கூடாது. ஜட்ஜய்யா தேன்மொழி சொன்னதை ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாரு. விடுவிக்கிற கட்டத்துல சாட்சியை இவ்வளவு அலசக் கூடாது, சந்தேகத்துக்கு முகாந்திரம் இருக்கான்னு பார்த்தாலே போதும், கீழ்க்கோர்ட்டு அதைப் பார்க்கலேன்னாரு. விடுவிச்ச உத்தரவு ரத்து. விடுவிக்கச் சொல்லி டிரஸ்டிங்க போட்ட மனுவைத் திரும்பவும் கீழ்க்கோர்ட்டே புதுசா விசாரிக்கணும்.

அந்தம்மா மூஞ்சி செத்துப் போச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. வெளிய வந்து மூணு பேருக்கும் டீ சொன்னேன். கஜேந்திரன் அண்ணன் டீயைத் தொடாம, "அப்போ சீட்டு எந்த மாசம் சார் தருவாங்க?"ன்னு கேட்டாரு. இத்தனை நாளும் இந்த மனுசன் கோர்ட்டுக்கு வந்தது அந்தச் சீட்டுக்கா! சார்தான் மெதுவா எடுத்துச் சொன்னாரு. காலேஜே இல்ல, அந்தக் கட்டடத்தையும் கண்டெய்னர் குடோனுக்கு விட்டுட்டாங்க, இனிமே யாரை உள்ள தள்ளினாலும் சீட்டு வராதுன்னு. அண்ணன் டீ கிளாஸைத் தள்ளி வெச்சிட்டு கேட்டாரு: "அப்ப நாம இன்னா சார் ஜெயிச்சோம்?"

மருந்துக் கடையில

அண்ணன் பொண்ணு வினோதினி திருவொற்றியூர்ல ஒரு மருந்துக் கடையில பில்லு போடுது. நர்ஸாகி ஊசி போட வேண்டிய புள்ள. ஆர்டர் காப்பியை வூட்ல குடுத்துடும்மான்னு அதுகிட்டதான் கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் சிரிச்சுது. அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியல, கடைக்காரரு முன்னாடியே அழுதுட்டேன். நைனா எல்லாம் சொன்னாரான்னு கேட்டேன்.

கடை வாசலுக்குக் கூட்டிகினு வந்து சொல்லுச்சு: "அங்க காலேஜ் இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும்கா, நானே போயி பார்த்துட்டு வந்தேன். நைனா மனசு வுட்டுடப் போவுதுன்னு சொல்லல. அன்னிக்கு கோர்ட்டுலேர்ந்து வந்து, 'ஜெயிச்சிட்டோம்மா, அடுத்த வருசம் சேர்ந்துடலாம்'னு சொல்லிச்சு. நானும் சரி நைனான்னுட்டேன்."

தோத்துட்டு வர்றவங்களுக்கெல்லாம் மேல்கோர்ட்டுக்கு வழி சொல்லிகினு இருக்கேன், ஜெயிச்சுட்டு இப்படி நிக்கறவங்களை எங்க அனுப்பறதுன்னுதான் எனக்கு இன்னும் தெரியல.