உலகநாதனுக்குப் பிடித்தது

உலகநாதன் இறந்து ஒரு வருஷம் நிறையப் போகிற வாரத்தில், அவருடைய அக்கா பொன்னம்மாள் சென்னீர்குப்பத்திலிருந்து போன் செய்தாள். எடுத்தது உலகநாதனின் ஒரே மகள் கிருஷ்ணப்பிரியா.

"ஞாயித்துக்கெழம படையல் வெச்சிக்கலாம்னு கீறேன். ஆக்கறது, இலை போடறது எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ ஒண்ணே ஒண்ணு கொண்டாந்தா போதும்."

"என்ன அத்தை?"

"அவனுக்குப் புடிச்சது. மொத வருஷம் அது பெத்த புள்ள கையால வந்தாவணும். இல்லாங்காட்டி வந்தவன் இலையத் தொடாம எழுந்து பூடுவான்."

"அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?"

"என்னையா கேக்கற? கூடவே இருந்தவ நீயா, நானா?"

போனை வைத்துவிட்டுக் கிருஷ்ணப்பிரியா சமையலறையில் நின்றாள். அப்பா எதை வைத்தாலும் சாப்பிடுவார். சாம்பார் என்றால் சாம்பார், நேற்றைய ரசம் என்றால் அதுவும் சரி. அவள் வாங்கி வந்த சட்டையைப் போட்டுக்கொள்வார். டிவியில் எது ஓடுகிறதோ அதைப் பார்த்தபடியே தூங்கிப்போவார். எனக்கு இதுதான் வேண்டும் என்று அவர் எதற்கும் வாய் திறந்து அவள் கேட்டதில்லை.

படையலில் அவளுக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்துவிட்டு, ஒரு பொருளின் பெயர்கூட வாயில் வரவில்லை என்பது அவளை விடவில்லை. இந்த ஒரு வருஷத்தில் அவளை எதுவும் தொட்டதில்லை. சுடுகாட்டுக்குக் கிளம்பியபோதும் அழவில்லை, பதினாறாம் நாளும் அழவில்லை. உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறாள், ஒரு நாள் வெடிக்கும் என்றார்கள் உறவுக்காரர்கள். வெடிக்கவில்லை. ஆபீஸ் போனாள், வந்தாள், கரண்ட் பில் கட்டினாள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போலிருக்குமே, அப்படி ஒரு வருஷம்.

உலகநாதன் பிறந்தது சென்னீர்குப்பத்தில், பயிர் வைத்த குடும்பத்தில். நிலத்தில் பாதி நெடுஞ்சாலைக்குப் போனது, மீதி மனைகளாகப் போனது. அவர் திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் மிஷினில் நின்றார். ஓய்வு பெறும்வரை அதே மிஷின்தான். மாலையில் கொஞ்சம் குடிப்பார். குடித்தாலும் சத்தம் போடமாட்டார், சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். கிருஷ்ணப்பிரியா கல்லூரியில் படிக்கும்போது அம்மா கண்ணம்மா போய்ச் சேர்ந்தாள். அதோடு அவர் குடியை விட்டார். சபதம் இல்லை, மாலை போட்டுக்கொள்ளவில்லை. குடித்தபோதே யாருக்கும் தொந்தரவு இல்லாத மனிதர் என்பதால், விட்டதையும் உறவில் யாரும் கவனிக்கவில்லை.

மகளுக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்ததும் இருவரும் அங்கே ஒரு ஃபிளாட்டுக்கு வந்தார்கள். காலையில் அவள் கம்பெனி பஸ் ஏறியதும் அவர் பையில் டிபனை வைத்துக்கொண்டு ஏரியோரத்துப் பெரிய பார்க்குக்குப் போவார், சாயங்காலம் திரும்புவார்.

"பார்க்குல நாள் பூரா என்னப்பா பண்ணுவீங்க?" என்று அவள் ஒரு முறை கேட்டாள்.

"சும்மா ஒக்காந்துகினு இருப்பேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

சனிக்கிழமை அவள் அந்தப் பார்க்குக்குப் போனாள். பஸ் ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்த வாசல், ஆனால் உள்ளே கால் வைத்தது அன்றுதான். நுழைந்ததும் எட்டு வடிவத்தில் சிமெண்ட் தரையில் கோடு போட்டிருந்தார்கள். அதில் பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக, சண்டை போட்டவர்கள் போல முகத்தை இறுக்கிக்கொண்டு நடந்தார்கள். போனில் இருந்த அப்பாவின் படத்தைக் காட்டினாள்.

"பாத்த முகம்தான். ஆனா இவரு நடக்கற ஆளு இல்லம்மா" என்றார் ஒருவர், நடையை நிறுத்தாமல். அவள் பதிலைக் கேட்க எட்டின் வளைவு வரை கூடவே போக வேண்டியிருந்தது.

கூழாங்கல் பதித்த பாதையில் செருப்பைக் கையில் பிடித்தபடி பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு போனார்கள். திறந்தவெளி ஜிம்மில் சேலையைத் தூக்கிச் செருகிய அம்மாள் ஒருத்தி சைக்கிளை மிதித்துக்கொண்டே யாரிடமோ வீட்டு வாடகை பற்றிப் போனில் பேசினாள். ஸ்கேட்டிங் தளத்தில் முழங்காலில் கவசம் கட்டிய குழந்தைகள் வரிசையாக விழுந்து வரிசையாக எழுந்தார்கள். பொம்மை ரயில் கூவிக்கொண்டு போனது. அதை ஓட்டுகிற பெண்ணிடம் படத்தைக் காட்டினாள்.

"இவரா? ரயில் பக்கம் வந்ததில்லீங்க. கொழந்த கூட இருந்தாத்தான் பெரியவங்களை ஏத்துவோம்."

சுண்டல் விற்கிறவர் படத்தைக் கையில் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒண்ணும் வாங்கமாட்டாரும்மா. பையில டிபன் வெச்சிருப்பாரு. போட்டிங் கிட்ட கேளுங்க. அங்கதான் இவருக்கு டூட்டி."

"டூட்டியா?"

"ஆமா, டெய்லி."

படகுத்துறையில் கழுத்தில் விசில் மாட்டிய ஜஸ்டின் என்கிறவன், மிதிபடகு ஒன்றைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். படத்தைப் பார்த்ததும் கயிற்றை விட்டான்.

"நைனா பொண்ணா நீங்க? எங்க மேடம் அவரு? சொல்லாம கொள்ளாம ஊருக்குப் பூட்டாரே."

"இறந்துட்டார். போன வருஷம்."

பஸ் போய்விட்டது என்று சொல்வது போலத்தான் அவள் அதைச் சொன்னாள். ஜஸ்டின் திரும்பி, ஆகாயத்தாமரைப் பக்கம் ஒதுங்கிய ஒரு படகைப் பார்த்து நீளமாக விசில் ஊதினான். அந்தப் படகு ஏற்கெனவே திரும்பிவிட்டிருந்தது. அவன் மறுபடியும் ஊதினான்.

பிறகு சொன்னான். இந்தப் படகில் ஒற்றை ஆளை ஏற்றக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்தால் சாயும், ஒருவர் மிதித்தால் வட்டமடிக்கும். அதனால் ஜோடி இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். ஒரு நாள் கையில் ஊன்றுகோலோடு ஒரு பெண் தனியாக வந்தாள், போயே தீருவேன் என்றாள். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து, நான் கூடப் போகவா என்று கேட்டார்.

"அதுலேந்து அதான் மேடம் அவரு வேலை. புருசன் பொண்டாட்டி வருவாங்க. தண்ணின்னா எனக்கு ஆவாதும்பாரு அவரு. போயே ஆவணும்பாங்க அந்தம்மா. நைனா லைஃப் ஜாக்கெட்ட மாட்டிகினு எழுந்து நிப்பாரு, கல்யாண ஊட்டுல மாப்ளத் தோழன் மாதிரி. டிக்கெட்டு படகுக்குத்தான், ஆளுக்கு இல்ல. அதனால யாருக்கும் கஷ்டமில்ல."

"யாரு என்னன்னு கேக்க மாட்டாங்களா?"

"ஸ்டாஃபான்னு கேப்பாங்க. ஆமான்னும் சொல்லமாட்டாரு, இல்லேன்னும் சொல்லமாட்டாரு. 'ரவுண்டா போலாமா, நேரா போலாமா'ன்னு மட்டும் கேப்பாரு. ஒரு வாட்டி மேலாபீஸ்லேந்து வந்தவரு, ஏன்யா யூனிஃபார்ம் போடலன்னு அவரப் புடிச்சித் திட்டிட்டாரு. நைனா இன்னா சொன்னாரு தெரியுமா? 'நாளைக்குப் போட்டுகினு வரேன் சார்'ன்னாரு. சொன்ன மாதிரியே மறுநாள் நீலச் சட்ட போட்டுகினு வந்தாரு."

அந்த நீலச் சட்டை கிருஷ்ணப்பிரியாவுக்குத் தெரியும். இஸ்திரிக்குக் கொடுத்ததே அவள்தான்.

அப்போது துறையில் ஒரு குடும்பம் வந்து நின்றது. ஆவடியிலிருந்து வந்திருந்தார்கள். கணவன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, குழந்தை இருக்கே, நான் எப்படி வருவேன் என்றான். குழந்தையை உங்கம்மா வெச்சிப்பாங்க, நீ ஏறு என்றாள் மனைவி. எங்கம்மாவுக்குக் கைவலி என்றான். அவனுடைய அம்மா பக்கத்திலேயே நின்று, எனக்கு ஒரு வலியும் இல்லடா என்றாள்.

ஜஸ்டின் கிருஷ்ணப்பிரியாவைப் பார்த்தான். கொக்கியில் தொங்கிய ஜாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினான். அவள் போட்டுக்கொண்டாள்.

படகு துறையை விட்டு நகர்ந்ததும் அந்தப் பெண், "நீங்க இங்க ஸ்டாஃபாக்கா?" என்று கேட்டாள்.

கிருஷ்ணப்பிரியா வாயைத் திறந்தாள். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லத்தான் திறந்தாள்.

"ரவுண்டா போகலாமா, நேரா போகலாமா?" என்றாள்.

"நேரா போலாங்க்கா. ரவுண்டு அடிச்சா அவரு பாத்துகினே இருப்பாரு. கொஞ்சம் பயப்படட்டும்."

நேராக மிதித்தார்கள். கரையின் இரைச்சல் குறைந்தது. பொம்மை ரயிலின் கூவல் மட்டும் கேட்டது. ஏரியின் நடுவில் இருவரும் மிதிப்பதை நிறுத்தினார்கள். ஏதாவது வரும் என்று கிருஷ்ணப்பிரியா காத்திருந்தாள். இந்த இடத்தில்தானே அவர் உட்கார்ந்திருப்பார், இந்தத் தண்ணீரைத்தானே பார்த்திருப்பார். ஒன்றும் வரவில்லை. தொடை வலித்தது. பக்கத்தில் இருந்தவள் காலைத் தண்ணீரில் விடப் பார்த்து, பிறகு வேண்டாம் என்று இழுத்துக்கொண்டாள். திரும்பினார்கள்.

கரையேறியதும் அந்தப் பெண் கணவனிடம், "பாத்தியா, அக்காவே வந்தாங்க" என்றாள். பிறகு கிருஷ்ணப்பிரியாவின் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள்.

ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தபோது அவள் படையலைப் பற்றி ஜஸ்டினிடம் சொன்னாள். அப்பாவுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் என்றாள். எதை வைப்பது என்று தெரியவில்லை என்றாள்.

"படகத் தூக்கி இலை மேல வெக்க முடியாதே மேடம்" என்று அவன் தலையைச் சொறிந்தான். பின்பு தகரக் கொட்டகைக்குள் போனான். வெகுநேரம் எதையெதையோ தள்ளுகிற சத்தம் கேட்டது. ஆரஞ்சு நிறம் வெளுத்துப்போன ஜாக்கெட் ஒன்றோடு வந்தான். ஓரம் கிழிந்து உள்ளே பஞ்சு தெரிந்தது.

"இது நைனாவோடது. மத்தது எதுவும் அவருக்கு வயித்தச் சுத்தி எட்டாது. அவரே பெல்ட்ட அறுத்து, கயிறு முடிச்சுப் போட்டு நீட்டிக்கினாரு. கழிச்சிப் போட்டதுல கெடந்துச்சி. எடுத்துகினு போங்க."

ஞாயிற்றுக்கிழமை பொன்னம்மாள் வீட்டில் உலகநாதனின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டிருந்தது. மட்டன் குழம்பு, வறுத்த வஞ்சிரம், அவித்த முட்டை, வடை, பாயசம். ஒரு தாம்பாளத்தில் புது வேட்டியும் துண்டும். பொன்னம்மாளின் மகன் அஜித்குமார் குவார்ட்டர் பாட்டில் ஒன்றை இலைக்குப் பக்கத்தில் வைத்து, லேபிள் படத்தைப் பார்க்கும்படி திருப்பிக்கொண்டிருந்தான்.

கிருஷ்ணப்பிரியா பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்தாள்.

"இன்னா பிரியா, மேலோகத்துல வெள்ளமா?" என்றான் அஜித்குமார். "மாமா ஏரிக்கரையில பொறந்தவரு, அவருக்கு நீச்சல் தெரியாதா இன்னா?" வந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"இன்னாடி இது?" என்றாள் பொன்னம்மாள்.

கிருஷ்ணப்பிரியா சொன்னாள். படகு, இரண்டு ஆள் விதி, ஊன்றுகோல் பெண், நீலச் சட்டை. ஆபீஸில் அறிக்கை வாசிப்பது போல வரிசையாகச் சொன்னாள். கடைசியில், "அப்பா குடிக்கறத நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு அத்தை. அம்மா போனதும் விட்டுட்டார்" என்றாள்.

பொன்னம்மாள் தம்பியின் படத்தைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள். யாரைக் குறித்துச் சொன்னாள் என்பது தெரியவில்லை. பிறகு மகனிடம், "அத்த எடுத்து அப்பால வெய்டா" என்றாள். அஜித்குமார் பாட்டிலை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ஜாக்கெட் வேட்டிக்குப் பக்கத்தில் தாம்பாளத்தில் ஏறியது. தாம்பாளம் அதற்குப் போதவில்லை.

கற்பூரம் காட்டினார்கள். உலகநாதன் வந்து யாரும் பார்க்காமல் சாப்பிட வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து வெயிலில் நின்றார்கள். எதிர்வீட்டுக் குக்கர் கூவியது. கொஞ்ச நேரம் கழித்துப் பொன்னம்மாள் கதவைத் தட்டி, தொண்டையைச் செருமிவிட்டுத் திறந்தாள். உள்ளே சாம்பிராணிப் புகை. இலை அப்படியே இருந்தது.

படைத்த துணியை மடித்து வைக்கக் கூடாது, வீட்டு ஆள் அன்றைக்கே உடுத்தி எடுக்க வேண்டும். அஜித்குமார் பேண்ட்டின் மேலேயே வேட்டியைச் சுற்றி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். ஜாக்கெட் மிச்சம் இருந்தது.

"எனக்கு வேணாம்பா" என்றான் அவன்.

"ஒன்ன யாரு கேட்டா? பொண்ணு கீறா இல்ல" என்று பொன்னம்மாள் அதை எடுத்து உதறினாள். கிருஷ்ணப்பிரியாவின் கைகளைப் பிடித்து ஒவ்வொன்றாக நுழைத்தாள், பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற மாதிரி. கயிற்றை இழுத்தாள். அது அவளை இரண்டு சுற்று சுற்றி வந்தது. முன்னால் மிஞ்சி நின்ற இடத்தில் பொன்னம்மாள் கையை விட்டுப் பார்த்தாள்.

"இம்மாந் தொப்பையா வெச்சிகினு கெடந்தான்" என்றாள். முடிச்சைப் போட அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

எல்லாரையும் உட்கார வைத்து, படைத்ததைப் பிரித்து இலைகளில் வைத்தார்கள். மார்பில் தடிமனாக நின்ற ஜாக்கெட்டால் கிருஷ்ணப்பிரியாவுக்குக் குனிய வரவில்லை. பொன்னம்மாள் இலையை அவளுக்குப் பக்கமாக இழுத்துவிட்டாள். அவள் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள், இன்னொரு வாய் வைத்தாள்.

"குழம்புல உப்பே இல்ல அத்தை" என்றாள்.

"படையலுக்கு ஆக்கறத எவ நாக்குல வெச்சிப் பாப்பா?" என்ற பொன்னம்மாள் உப்பு ஜாடியைத் தள்ளிவிட்டாள். "போட்டுக்க."

கிருஷ்ணப்பிரியா ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள். பிசைந்து பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் போட்டாள்.