இருபத்தோராவது இடம்

"எச்சரிக்கைகள்: 0" என்று திரையில் வந்ததும் நான் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்துவிட்டேன். காலையிலிருந்து, நிரலில் பிழை பார்க்கும் கம்பைலர் என்னைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. வரி வரியாகத் திருத்தி ஒருவழியாக அதன் வாயை அடைத்துவிட்டேன்!

எங்கள் வகுப்பிலுள்ளவர்களின் பெயர்களை அகரவரிசையில் அடுக்கும் சி மொழிக் கணினி நிரல் அது. முதலில் பிழையில்லாமல் அச்செடுப்பவரின் பட்டியல் திருநெல்வேலி வளாகத்து அறிவித்தல் பலகையில் ஏறும் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். அது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

அச்சுப்பொறி கிறீச்சிட்டுத் தாளைத் தள்ளியது. பக்கத்திலிருந்த தோழி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, கலியாணக் கார்டே அடிச்சனி?"

ஆங்கில எழுத்தில் அப்பாவின் பெயரோடு சேர்ந்து ஒரு முழம் நீளும் என் பெயர். அதன் வாலில், இடைவெளியே இல்லாமல், அடுத்து வரும் பையனின் பெயர் ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பையனோ பின்வரிசை வாங்கில் இருந்தான். இது பலகையில் ஏறினால் வளாகமே என்னை வைத்துச் சிரிக்கும். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"கரண்ட் நிக்கப் போகுது, கெதியாப் பார்" என்றாள் தோழி.

என் பெயரை விரல்விட்டு எண்ணினேன். சரியாக இருபது எழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் நான் ஒதுக்கியதும் இருபது இடம்தான். சி மொழியில் ஒரு பெயர் முடிந்துவிட்டது என்று காட்ட அதன் கடைசியில் ஒரு பூச்சியம் இருக்க வேண்டும். என் பெயரின் கடைசியில் அதற்கு இடமே இல்லை. எங்கே நிறுத்துவதென்று தெரியாத கணினி அவன் பெயரையும் சேர்த்து வாசித்துவிட்டது. இதைப் பற்றி மூச்சும் விடாத கம்பைலர் மீது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் பிழையைப் பிடித்துவிட்ட சந்தோசத்தில் சத்தமாகச் சிரித்தும் விட்டேன்.

இருபதை இருபத்தொன்றாக்கி, கடைசி இடத்தில் பூச்சியத்தை வைத்தேன். மறுபடி அச்சடித்தபோது இரண்டு பெயர்களும் தனித்தனி வரியில் ஒழுங்காக நின்றன. தோழி தாளைப் பறித்துக்கொண்டு விரிவுரையாளரிடம் ஓடினாள்.

பின் வாங்கிலிருந்து அவன் எழுந்து என் மேசைக்கு வந்து, அங்கே கிடந்த முதல் தாளைப் பார்த்தான்.

"உமக்கென்ன அவ்வளவு அவசரம்? முதல் அடிச்ச தாளும் வடிவாத்தானே இருந்தது."

நான் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"அந்தத் தாளை நான் வைச்சிருக்கட்டே?"

"ஓம்" என்றுவிட்டேன். யோசிக்கவே இல்லை.

அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். வெளியே தோழி, "உன்ரை லிஸ்டைத்தான் ஒட்டுறாங்கள், ஓடி வா!" என்று கத்தினாள். நான் அந்தச் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.