எண்பதைத் தாண்டினால் ஆடும் வண்டி

பிரேமலதா சயானில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறாள். வீடு தாராவியில், தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால். அம்மா கோமதியம்மாளும் அவளும்தான். கல்யாணம் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசமாட்டாள். வண்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறையப் பேசுவாள்.

அது தூரப் பயணத்துக்கென்றே செய்த கனத்த மோட்டார் சைக்கிள். அக்கா புருஷன் கணேசபாண்டியன் டெம்போ வாங்கியபோது அவளுக்கு விற்றது. அதை நம்பித்தான் செம்பூரில் இருந்த பெண்கள் பைக் குழுவில் சேர்ந்தாள். மழைக்கு முன் எல்லாரும் இமயமலையில் ஸ்பிதி வரை போவதாக ஏற்பாடு.

அதற்கு ஒத்திகையாகப் பழைய புனே ரோட்டில் ஒருநாள் போனார்கள். வேகம் எண்பதைத் தாண்டியதும் ஹேண்டில் இடமும் வலமுமாக அடித்துக்கொண்டது. இறுக்கிப் பிடித்தாள், இன்னும் மோசமாக ஆடியது. ஆக்சிலேட்டரை விட்டு, வண்டி தானாக அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூட வந்தவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கூட்டிப்போக மாட்டார்கள் என்ற பயம்.

செம்பூர் மெக்கானிக் யாசர் முதலில் முன் டயரைக் குறை சொன்னான். மாற்றினாள். ஆட்டம் போகவில்லை. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தான். நடுவில் வந்ததும் லேசாகச் சிக்கியது. ஹேண்டிலைத் திருப்பும் பேரிங், கோன் செட், போயிருக்கிறது என்று புதிது போட்டான். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஒரு பக்கம் ஆயில் கசிந்தது, அதையும் சரிசெய்தான். சான்பாடா பக்கம் காலியான ரோட்டில் ஓட்டியபோது வண்டி நேராகப் போனது. அன்று அவள் வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரமே மறுபடி ஆடியது.

இந்தத் தடவை யாசர் இரண்டு சக்கரத்தையும் ஒட்டி நூல் பிடித்துப் பார்த்தான். முன் சக்கரம் ஒரு பக்கமாக விலகி நின்றது. டேங்கைக் கழற்றி, ஹேண்டில் பொருந்தும் கழுத்துப் பகுதியில் பெயிண்டைச் சுரண்டினான். அடியில் பழைய வெல்டிங். அதன் ஓரத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். இதை யாராலும் சரிசெய்ய முடியாது, நீங்கள் இனி இதில் ஏறக்கூடாது என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு ஸ்பானரைக் கீழே வைத்தான்.

அவள் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், வண்டி கழுத்துல வெல்டு அடிச்சிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

கணேசபாண்டியன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். வாஷி பக்கம் ஒருக்கா லாரில இடிச்சிட்டேன்."

"பின்ன ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ சயானுக்கும் வீட்டுக்குந்தான ஓட்டுவன்னு நெனச்சேன். அதத் தாண்டிப் போவன்னு யாரு கண்டா?"

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இரண்டு நாளில் அவரே போன் செய்தார். வண்டியை ஒரு பையன் கேட்கிறான், விரிசல் தெரியாமல் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடலாம், போட்ட காசு திரும்பும் என்றார். பிரேமலதா போனை வைத்துவிட்டாள். மறுநாள் யாசரிடம் போய் அந்தக் கழுத்தை அறுத்துப் போடச் சொன்னாள். யோசித்துச் செய்யலாமே என்றான். அவள் அங்கேயே நின்றாள். கட்டர் பாதி இறங்கியபோது மட்டும் வெளியே வந்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் அக்கா பேச்சை நிறுத்தினாள். தன் புருஷனைக் களவாணி ஆக்கிவிட்டாள் என்று சொந்தத்தில் சொல்லி அழுதாளாம். கோமதியம்மாளும் மருமகன் பக்கம்தான்.

"கழுத அத வித்துத் தொலைச்சிருந்தா ஒனக்கென்ன? ஓட்டுதவன் பாடு."

"அவன் வுழுந்திருப்பாம்மா."

அம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

பைக் குழு அவளில்லாமல் ஸ்பிதிக்குக் கிளம்பிப் போனது. பனிமலைப் படங்கள் போனில் வந்துகொண்டே இருந்தன. ஒரு மதியம், அடுத்த ஆளின் கையில் நரம்பு தேடுவதற்கு முன், அவள் போனில் அந்தக் குழுவிலிருந்து விலகிக்கொண்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது வேலைக்கு நடந்தே போகிறாள்.