ஆற்றுக்கு வடக்கே சான் ஓன்

எதிர்வீட்டில் காலையிலிருந்து கதவு இழைக்கிறார்கள். தேக்குச் சீவல் வாசனை எங்கள் தின்கன்ஜூன் தெரு முழுக்கப் பரவியிருக்கிறது. உங்களுக்கு மணக்கலாம், நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். ஆ லோய் ஞாபகம்.

பர்மாவை வெள்ளைக்காரன் ஆண்ட ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் அலோன் மரக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி, அவன் அங்கே சீனத் தச்சன். அவன் மனைவி மா கின்னின் அப்பா தமிழர். அதனால் எனக்கு அவள் தங்கை முறை. மதியச் சோற்றோடு ஆ லோயின் ஊர்ப்புராணமும் உண்டு. தென்சீனக் கடலோரத்தில் சான் ஓன் தாலுகா. கடலில் இருந்த எதிரிக்குச் சோறு போகக்கூடாதென்று எந்தக் காலத்திலோ ஒரு சக்கரவர்த்தி வீடுகளைக் கொளுத்திச் சனங்களை உள்நாட்டுக்கு விரட்டினாராம். தாலுகாவே இல்லையென்றாயிற்று. பிழைத்தவர்கள் திரும்பி வந்து அதே இடத்தில் அடுப்பு மூட்டினார்கள். பிற்பாடு தாலுகாவின் நடுவே ஓடிய ஆற்றுக்குத் தெற்கே இருந்ததை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான். வடக்கே, ஆ லோய் பிறந்த பக்கம், மிஞ்சியதற்குச் சீன சர்க்கார் பேரை மாற்றியது. இவன் மட்டும் சான் ஓன் என்றே சாதிப்பான்.

ஒருநாள் தச்சர்களுக்குள் அடிதடி. கதவு மாட்டப் போயிருந்த ஆ லோயையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. வெள்ளைக்காரன் பூமியில் பிறந்தவன் இருக்கலாம், மற்றவன் அடுத்த கப்பலில் சீனாவுக்கு என்பது சட்டம். துரைக்குப் பர்மியம் தெரியாது, இவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். போலீஸ் கச்சேரி வாசலில் மா கின், ஏழு மாத வயிற்றோடு.

"அண்ணே, தெக்கேன்னு சொல்லச் சொல்லுங்க. ஒத்தச் சொல்லுதானே!"

உள்ளே அவன் காதில் போட்டேன். "வெரட்டுன ராசாவுக்கே எங்காளுங்க ஊர விட்டுக் குடுக்கல. நான் வாயால குடுக்கவா?" என்றான் பர்மியத்தில்.

துரை வரைபடத்தை விரித்து, ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். ஆ லோய் நிமிர்ந்து, "வடக்கே" என்றான். துரை என்னைப் பார்த்தார். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று கேட்டு வளர்ந்த வாய்; பிசகாமல் மொழிபெயர்ப்பவன் என்ற பேர் வேறு. அந்தப் பேரில் எனக்கு எத்தனை கர்வம்!

வடக்கே என்றே சொன்னேன்.

அடுத்த கப்பலில் ஏற்றினார்கள்; அவன் திரும்பவில்லை. மா கின்னுக்குப் பெண்குழந்தை பிறந்தது.

அலோனில் அந்தத் தச்சுப் பட்டறைகள் இன்றில்லை. சான் ஓன் எந்த வரைபடத்திலும் இல்லை. பல வருஷம் கழித்து மா கின்னைச் சந்தையில் பார்த்துத் தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க உள்ளதத்தானே சொன்னீங்க, ஊ" என்றாள், முன்பின் தெரியாத பெரியவரைப் பர்மாக்காரர்கள் அழைக்கிற மாதிரி. அப்புறம் யாரும் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.