ஓட்டையை அடைத்தார்களா?

என் குரல் எனக்குப் பிடிக்கும். இதை ஒத்துக்கொள்ளாமல் மற்றதைச் சொல்ல முடியாது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் வெள்ளிதோறும் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுவோம். குர்ஆனில் சில வசனங்களை ஓதி, வெளிப்பொருளைச் சொல்லி, பிறகு சூஃபிகளின் வழியில் உள்பொருளைத் தேடுவோம். பேசுகிறவள் நான். வர முடியாதவர்களுக்காகப் பேச்சைப் பதிவு செய்து வாட்ஸப் குழுவில் போடுவேன். போட்டுவிட்டு நானே இரண்டு முறை கேட்பேன்.

அந்த வாரம் மூஸா நபியின் பயணக் கதை. அவரோடு போகும் ஞானி, தங்களை ஏற்றிக்கொண்ட ஏழைகளின் படகிலேயே ஓட்டை போடுகிறார். மூஸா நபி பதறிப்போகிறார். காரணம் பின்னால்தான் தெரிகிறது. அந்தப் பக்கம் ஓர் அரசன் நல்ல படகுகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஓட்டைப் படகென்றால் விட்டுவிடுவான். நான் சொன்னேன்: படகு நம் உடம்பு, அரசன் நமக்குள் இருக்கிற அகம்பாவம். நோயும் குறையும் நம்மைப் படைத்த ரப்பு போட்டுவைத்த ஓட்டை. அதைப் பார்த்துப் பதறாதீர்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த அறையில் என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். மில் மூடிய பிறகு ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர். பல வருஷமாகச் சர்க்கரை. புதுச் செருப்பு கடித்து இடது கால் பெருவிரலில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. டாக்டரிடம் காட்டலாம் என்றேன்.

"நீதான சொன்ன, ஓட்டையப் பாத்துப் பதறாதன்னு?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. முப்பது வருஷத்தில் என் பேச்சை அவர் காதில் போட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

வாரங்கள் போயின. புண்ணைத் துணியால் சுற்றி, அதன்மேல் காலுறை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். மாத்திரையையும் ஏனோதானோவென்று போட்டார். வலியே இல்லை என்றார். சர்க்கரைக்காரர் வலியில்லை என்று சொன்னால்தான் பயப்பட வேண்டும். எனக்கு அது தெரியாதா, தெரியும். ஆனாலும் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். வியாழக்கிழமை மட்டும் போடுகிற சாம்பிராணியைத் தினமும் போட ஆரம்பித்தேன். வீட்டில் ஈ அதிகமானது. அவர் உட்காரும் நாற்காலியைச் சுற்றியே அவை பறந்தன. நான் முறத்தை எடுத்து விரட்டினேனே தவிர, ஏன் அங்கேயே வருகின்றன என்று கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைப் பெண்களில் இரண்டு பேர் வாசல் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தார்கள். காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

வீராம்பட்டினத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெண் ஒருத்தி உண்டு. ஒரு காலையில் கூடையை இறக்கியவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, ஊட்டுல எதுனா செத்துக் கெடக்குதா?"

"உன் மீனுதான்" என்றேன் எரிச்சலோடு.

"மீன் நாத்தம் எனக்குத் தெரியாதா? இது மீனில்ல."

உள்ளே நாற்காலியில் இருந்த அவருக்கு அது கேட்டுவிட்டது. கோபப்படவில்லை. காலை நீட்டிக் காட்டி, படகுக் கதையை அவளுக்குச் சொன்னார். என் விளக்கத்தை வரி பிசகாமல், நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நான் குரலை இறக்குகிற இடத்தில் இறக்கிச் சொன்னார். அவள் குந்தி உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள்.

"செரி, அந்த ராசா போனதும் ஓட்டைய அடச்சாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "அது அதுல வரல" என்றேன்.

"வரலன்னா? எங்க ஊட்டுக்காரரு விரல் நொழையற ஓட்டைன்னாக்கூட அடைக்காம படகத் தள்ள மாட்டாரு. அத நம்பித்தான குடும்பமே இருக்குது. அடச்சிருப்பாங்க. அடைக்காம எப்படிச் சோறு துன்னுவாங்க?"

அந்தப் படகு கடலில் பாடுபடும் ஏழைகளுடையது என்பதைத்தான் வசனம் முதலில் சொல்கிறது. நூறு தடவை ஓதியிருக்கிறேன். உள்பொருளுக்குப் போகிற அவசரத்தில் அந்த ஏழைகளைத் தாண்டிக் குதித்துப் போயிருந்தேன்.

அவர் காலடியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினேன். அவர் தடுக்கவில்லை. துணி தோலோடு வந்தது. இரண்டு விரல் கறுத்திருந்தன. கறுப்பு பாதத்தின் நடுவரை ஏறியிருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மீன்காரி கூடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ கூப்பிட ஓடினாள்.

"இத்தன நாள் என்ன பண்ணீங்க?" என்று டாக்டர் கத்தினார். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார் கவனிக்கல" என்றார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்தினேன். அந்தக் குரல் பதிவைக் குழுவிலிருந்து அழிக்கப் பார்த்தேன். நாள் கடந்துவிட்டதால் என் போனில் மட்டும்தான் அழிந்தது.

போன மாதம் அது திரும்பி வந்தது. தெரியாத எண், மேலே 'பலமுறை பகிரப்பட்டது' என்றிருந்தது. அமுக்கினேன். என் குரல். அதற்குப் பின்னால் செருப்புச் சத்தம், அவர் சமையற்கட்டுக்குப் போகிற சத்தம். இரண்டு கால்கள்.

கீழே ஒரு செய்தி. "இது உங்க குரல்தான்னு சொன்னாங்க. அம்மாவுக்கு மார்புல கட்டி. ஆபரேஷனுக்குச் சம்மதிச்சிருந்தாங்க. இதக் கேட்டதுலேருந்து வேணாம்னுட்டாங்க. மனசு நிம்மதியா இருக்குதாம். துஆ செய்யுங்க."

உடனே கூப்பிட்டேன். வீடு ரெட்டியார்பாளையத்தில். நேரில் வருகிறேன், அம்மாவிடம் பேசுகிறேன் என்றேன். புர்காவை மாட்டும்போதே என்ன சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எந்த வசனம், எந்தப் பொருள், எங்கே குரலை இறக்குவது. என் உதடு அசைவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டைகளை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்தார். "நானும் வரேன்."

"நீங்க எதுக்கு? அங்க மாடிப்படி இருக்குதாம்."

"நீ போனா இன்னொரு விளக்கம் சொல்லுவ. ஒண்ணும் சொல்லாத" என்றார். "நான் காலக் காட்டறேன்."

கைலியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, ஆட்டோ கூப்பிடச் சொன்னார்.